சத்தம் வந்த ஞாயிற்றுக்கிழமை

கைப்பேசியிலிருந்து முதல் வசனம் வந்ததும் அம்மா கையைத் தட்டினாள். தம்பி பிரபு விசில் அடித்தான். எவர்சில்வர் சொம்பின் மேல் சாய்த்து வைத்திருந்த அந்தச் சின்னத் திரையில் ஒரு மனிதன் வாயைத் திறந்தான். திறந்த அதே நேரத்தில் அவன் குரலும் வந்தது. இரைச்சல் இல்லை, இழுவை இல்லை. அவனைப் பேசவைத்தவள் நான்.

நைனா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாச்சி?" என்றார்.

"சத்தம் வந்துடுச்சி நைனா!" என்று அவர் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது. எதைச் சொன்னாலும் முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

"அப்டியா!" என்று சிரித்து என் தலையில் கை வைத்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். போன வாரம் இந்தத் தொடரை, எனக்கு முதல் வேலை கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். "கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்படி என்னதான் செய்தீர்கள், கடைசிவரை சொல்லவே இல்லையே" என்று ஒரு வாசகி உரிமையோடு கோபித்துக்கொண்டிருக்கிறார். சொல்கிறேன். ஆனால் நைனாவைச் சொல்லாமல் அந்த வேலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அமைதியான இடம்

நைனா எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் சுத்தியல் இயந்திரம் ஓட்டினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்தால், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த இயந்திரம் இறங்கி அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் தரை எழும்பி இறங்கும் என்பார்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு எல்லா இயந்திரமும் நின்றிருக்கும். அதனால் என் சிறு வயதில், நைனா வேலை பார்க்கும் இடம் ரொம்ப அமைதியான இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை நாளில் அங்கே யாரும் யாரையும் கூப்பிட முடியாதாம். டீ வந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், இன்று என்ன குழம்பு, எல்லாவற்றையும் வாயசைத்தே பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் நைனா, அந்தப் பக்கம் அவருடைய தோஸ்து ஒருவர், நடுவில் துறைமுகத்து லாரிகள். இரண்டு பேரும் குரலே இல்லாமல் ஏதோ பேசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் வீட்டு டி.வி.யின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு அம்மா இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு தோளைத் தொட வேண்டியிருந்தது. பட்டறையில் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள்.

காது போனவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. ஒரு நாள் நாங்கள் எல்லோரும் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நைனா பஸ்ஸில் டிக்கெட் கேட்டார். பட்டறையில் நின்று கத்துவதுபோல் கேட்டுவிட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னா பெர்சு, மைக்க முழுங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நைனாவுக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. ஆனால் அவன் சொல்லும்போதே திரும்பிப் பார்த்துவிட்டார். உதட்டைப் படித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெளியில் எதைக் கேட்பதென்றாலும் அம்மாதான் கேட்பாள். நாளாக ஆக, வீட்டுக்குள்ளும் அவர் பேசுவது குறைந்தது. தலையை அசைப்பார். கையைக் காட்டுவார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் எழுந்துபோய்த் தானே எடுத்துக்கொள்வார். நான் கல்லூரியில் படித்த வருடங்களில் நைனாவின் குரலை எப்போது கேட்டேன் என்று யோசித்தால் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

படம் வரும், சத்தம் வராது

எங்கள் கம்பெனி சின்னது. ஒரு மாடியில் பத்துப் பதினைந்து பேர். கைப்பேசியில் படம் பார்ப்பது புதிதாக இருந்த காலம் அது. கடைகளில் மெமரி கார்டில் சினிமா ஏற்றிக் கொடுப்பார்கள். அதைப் பார்க்க உதவும் ஒரு வீடியோ பிளேயரை நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

அதில் ஒரு குறை. பல படங்களில் காட்சி ஓடும், சத்தம் வராது. 'இந்த ஒலி வகையை இயக்க முடியாது' என்று ஒரு சின்னப் பெட்டி எழுந்து நிற்கும். ஒலியைச் சுருக்கி அடைக்கப் பல முறைகள் உண்டு. எந்த முறையில் சுருக்கினார்களோ அந்த முறையிலேயே விரித்தெடுக்க வேண்டும். அதைச் செய்யும் நிரலுக்குக் கோடெக் என்று பெயர். எங்களிடம் ஒன்றிரண்டுதான் இருந்தன. கடைக்காரர்கள் ஏற்றிக் கொடுத்த படங்களுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. அதை எங்கள் பிளேயருக்குள் கொண்டுவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

சோதனைக்காக ஒரு கைப்பேசியும் கொடுத்தார்கள். படங்களை முழுதாக ஓடவிட்டு, நடுவில் நின்றுபோகிறதா, சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அப்போது ஞாயிறு மாலைகளில் கரண்ட் இருக்காது. டி.வி. இல்லை, ஃபேன் இல்லை. வாசலை ஒட்டிய அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து ஒரு படத்தை ஓடவிட்டேன்.

"இன்னாடி இது, பேசவே மாட்டேங்குது?" என்றாள் அம்மா.

"வேல நடக்குதும்மா. படம் மட்டும் பாரு."

"பேச்சு இல்லாம இன்னாத்த பாக்குறது?" என்று அவள் எழுந்துகொள்ளப் போனாள். திரையில் ஒரு பெண் முகம் அருகில் வந்தது. அவள் ஏதோ சொன்னாள்.

"'நீ வரமாட்டேன்னு நெனச்சேன்'னு சொல்றா" என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் திரும்பினோம். நைனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஆண் முகம் வந்தது. "'வராம எங்க போவேன்'ன்றான்" என்றார்.

அம்மா மறுபடி உட்கார்ந்தாள். அன்றைக்குக் கரண்ட் வந்த பிறகும் யாரும் எழுந்துபோய் டி.வி.யைப் போடவில்லை.

எல்லோருக்கும் ஒரே குரல்

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நைனாவின் படம்தான். அந்தத் திரையில் உதடு ஒரு அரிசி அளவுதான் இருக்கும். முகம் பெரிதாக வரும்போதுதான் அவரால் படிக்க முடியும். மிச்சமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. கதாநாயகனுக்கும் அவர் குரல், வில்லனுக்கும் அவர் குரல், அழுகிற அம்மாவுக்கும் அவர் குரல்.

போலீஸ் அதிகாரியாக ஒரு மீசைக்காரர் வருவார். அவர் வந்தால் நைனா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டைக் குரலில் அதட்டுவார். பிரபு உருண்டு சிரிப்பான்.

"யோவ், அவ எங்கய்யா அப்டி சொன்னா? வாயே தொறக்கலியே" என்று அம்மா மடக்குவாள்.

"மனசுல சொன்னா."

"அது மட்டும் உனுக்கு எப்டித் தெரியும்?"

"உன்கூட இத்தினி வருசம் குப்ப கொட்னவனுக்கு இது தெரியாதா?"

ஒரு முறை பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு முகம் சுளித்தார். "இவனுங்க இன்னா தெலுங்குல பேசிகினு கீறானுங்க?" அது தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் செய்த படம். சத்தம் கேட்டிருந்தால் எங்களுக்குத் தமிழ் கேட்டிருக்கும். நைனாவுக்கு அசல் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெலுங்கும் வரும். கடைசிவரை மொழிபெயர்த்தே சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, பிறகு உள்ளேயே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர் பேச்சு ஞாயிற்றுக்கிழமையோடும் நிற்கவில்லை. திங்கள் காலை டீயைக் குடித்துக்கொண்டே, "அந்த மீசக்காரன் மூஞ்சியப் பாத்தியா?" என்று அம்மாவிடம் ஆரம்பிப்பார். மீன்காரம்மாவிடம் தானே விலை கேட்டார். கத்தித்தான் கேட்டார். அவள் அதைவிடக் கத்திப் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கவனம் வேறு இடத்தில் இருந்தது.

முழங்காலில் ஒரு தட்டு

கோடெக் வேலை இழுத்துக்கொண்டே போனது. கையில் கிடைத்த நிரல் பெரிய கணினிகளுக்காக எழுதப்பட்டது. அதில் தசமப் புள்ளிக் கணக்குகள் நிறைய. கைப்பேசிக்குள் இருந்த சிப்புக்கு முழு எண்கள்தான் சரளமாக வரும். புள்ளி வந்தால் திணறும். ஒவ்வொரு கணக்காக முழு எண்ணுக்கு மாற்றி எழுதினேன். முதலில் வந்த சத்தம், தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்ததுபோல் இருந்தது. காதிலிருந்து இயர்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். ஆனாலும் ஏதோ ஒன்று வந்துவிட்டதே என்று கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு குரல்கள் தெளிந்தன. அடுத்து இன்னொரு தொல்லை. குழுத் தலைவர் ஹரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆரம்பத்துல சரியா இருக்கு அமுதா. போகப் போக அந்தப் பொண்ணு வாய மூடின அப்புறம் பேசுறா."

படம் ஒரு வேகத்திலும் ஒலி ஒரு வேகத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. வித்தியாசம் துளித்துளியாகச் சேர்ந்தது. நான் ஒரு மாற்றம் செய்வேன், பார்ப்பேன், சரியாக இருப்பதுபோலவே தோன்றும். வாரக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து என் கண்ணும் காதும் அந்தத் தவறுக்குப் பழகிவிட்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை மதியம் நைனாவிடம் கேட்டேன். "நீ திரையப் பாத்துகினே இரு நைனா. பேசறவங்க உதடு ரெண்டும் ஒட்டுற நேரமெல்லாம் என் முட்டியில தட்டு." ப, ம சொல்லும்போது உதடு ஒட்டியாக வேண்டும். அவர் தட்டும்போது என் காதில் அந்த எழுத்து விழுகிறதா என்று நான் பார்த்துக்கொள்வேன்.

ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டியதால் அவருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. தாளம் போடுவதுபோல் தட்டினார். சில நேரம் விளையாட்டுக்கு வேண்டுமென்றே தப்பாகத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். தொடக்கத்தில் தட்டும் எழுத்தும் ஒன்றாக விழும். படம் பாதி ஓடியதும் தட்டு முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளியை முட்டியில் உணர்ந்தேன். கடைசியில், ஒலி எவ்வளவு ஓடியிருக்கிறதோ அதைப் பார்த்தே படம் நகர வேண்டும் என்று மாற்றி எழுதினேன். இரண்டும் கடைசிவரை சேர்ந்தே போயின.

"உனுக்கு சத்தம் கேக்குதா?" என்றார் நைனா.

"கேக்குது."

"நல்லா கீதா?"

"இன்னும் கொஞ்சம் வேல கீது."

"மெதுவா செய்" என்றார். "அவசரம் ஒன்னியும் இல்ல."

நான் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு

அடுத்த சில வாரங்களில் மிச்ச வேலையும் முடிந்து, சத்தம் வந்தது. அம்மா கை தட்டினாள். பிரபு விசில் அடித்தான். நைனா என் தலையில் கை வைத்தார்.

படம் ஓடியது. மீசைக்காரர் வந்தார். நைனா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பழக்கத்தில் ஆரம்பித்தார்: "'டேய், யார்கிட்ட...'"

"ஷ்ஷ்... நைனா, இரு. கேக்க வுடு" என்றான் பிரபு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அவனுக்கு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி அவர் தொடையில் வைத்தான்.

நைனாவுக்கு அது கேட்டிருக்காது. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் பிரபுவும் நானும் ஒன்றாகச் சிரித்தோம். முன்பெல்லாம் அவர் சொன்ன பிறகுதான் சிரிப்போம். இப்போது அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டோம்.

இடைவேளை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்துபோய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திரும்பி வந்து உட்காரவில்லை.

கம்பெனியில் கேக் வெட்டினார்கள். ஹரி என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அதே மாதத்தில் மீன்காரம்மா அம்மாவிடம், "இன்னா, உன் வூட்டுக்காரரு திரும்பியும் கப்சிப்னு ஆயிட்டாரு?" என்று கேட்டாள்.

திரையின் அடியில் வசனத்தை எழுத்தில் போட்டால் நைனா படித்துக்கொள்வாரே என்று எனக்குத் தோன்றியது. பேப்பர் படிப்பவர்தான் அவர். முயன்றேன். அந்தக் கைப்பேசிகளுக்குத் தமிழ் வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் வெறும் கட்டங்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் ஹரி. அதற்குள் தொடுதிரைக் கைப்பேசிகள் வந்துவிட, எங்கள் பிளேயரை யாரும் தேடவில்லை. அடுத்த பதிப்பு வரவே இல்லை.

ஏறிய கோடுகள்

எங்கள் பிளேயர் காணாமல் போவதற்கு முன்னால் நான் இன்னொன்று செய்தேன். ஒரு ஞாயிறு, அம்மாவிடமும் பிரபுவிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, கைப்பேசியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவைத்தேன்.

"சத்தம் திரும்பியும் கெட்டுப்போச்சு நைனா. நீ சொல்லு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பாயை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு வசனம் சொன்னார். மூன்றாவது வசனத்துக்கு அம்மா கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள். பிரபு தேவையில்லாமல் தலையை ஆட்டினான். முகத்தைப் படித்தே வாழ்கிறவரிடம் நாங்கள் நடித்துக்கொண்டிருந்தோம்.

நைனா நிறுத்தினார். கைப்பேசியைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். திரையின் மூலையில், குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் இருந்தது. விரலால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. அறை முழுக்க யாரோ ஒருவன் வசனம் பேசினான். கடைசிக் கோடு வரை ஏற்றிவிட்டு, கைப்பேசியை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

"பாருங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடந்து, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகும் டிரெயிலர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

அவர் தோளைத் தொட்டு, "கோவமா நைனா?" என்றேன்.

"கோவம் இன்னாத்துக்கு? நல்லா வேல செஞ்சுகீற. ஊரே கேக்கப் போவுது." செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். "எனுக்காவ நீங்க நடிக்காதீங்க. அதான் பேஜாரா கீது."

பிறகு அவரே கேட்டார்:

"அந்த மீசக்காரன் கொரலு எப்டி கீது?"

"எப்டின்னா?"

"கட்டக் கொரலுனு நெனச்சி நான் பேசிகினு இருந்தேன். நெசமாலுமே கட்டதானா?"

உண்மையில் அது மூக்கால் பேசும் மெல்லிய குரல். "கட்டதான்" என்றேன்.

என் உதட்டையே பார்த்தார். "டூப் வுடாத."

"கொஞ்சம் மெல்லிசு நைனா. கீச்சுன்னு கீது."

வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ஒடம்புக்கா? அடப்பாவி!" தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு அடங்கியது.

என் கண் கலங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்படியே சொன்னேன்: "நீ பேசுனதுதான் நைனா நல்லா இருந்துச்சு. எனுக்கு அதான் புடிச்சிருந்துச்சு."

அவர் கப்பல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருட்டுது, வா போலாம். அம்மா தேடும்" என்று எழுந்தார்.

நைனா அதற்குப் பிறகு பல வருடங்கள் இருந்தார். பிரபுவின் கல்யாணத்தைப் பார்த்தார், என் மகளைத் தூக்கி வளர்த்தார். தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, குடை எடுத்துக்கொள் என்று ஆயிரம் விஷயங்களை அவர் பக்கம் திரும்பி நின்று சொன்னேன். கடலைப் பார்த்துச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அப்படிச் சொல்லவில்லை.